டெஸ்டருக்குள் ஒரு செம்பொறி

பாகூர்ப் பக்கத்து வயல்களில் பம்ப் செட் ஓடாமல் நின்றுவிட்டால், எலெக்ட்ரீஷியனின் கை முதலில் போவது மோட்டாருக்கு அல்ல. தம் சட்டைப் பைக்கு! டெஸ்டரை எடுத்து ஒயரில் வைத்து, அதன் தலையை விரலால் தொடுகிறார். உள்ளே செம்மஞ்சள் ஒளி தெரிந்தால், "லைன் வருது" என்கிறார். தெரியாவிட்டால், ஈரத் தரையில் நின்றபடியே கம்பியில் கை வைக்கத் துணிகிறார். கடுகளவு ஒளியை நம்பி ஓர் உயிர்!

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது?

டெஸ்டருக்குள் இருக்கும் கண்ணாடிக் குமிழில் ஒன்றையொன்று தொடாத இரு கம்பிகள் உண்டு. இடையே நிரம்பியிருப்பது நியான் வாயு. எதனோடும் எளிதில் சேராததால் மந்த வாயு என்று இதற்குப் பெயர். 1898-ல் லண்டனில் ராம்சேயும் டிராவர்சும் இதைக் கண்டுபிடித்தனர். புதுவை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நாளில், 1910-ல், பாரிஸ் நகரில் ஜார்ஜ் கிளாட் அதைக் குழாயில் அடைத்து ஒளிரச் செய்து காட்டினார்.

மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் ஓடி நியான் அணுக்களில் மோதுகின்றன. நியான் அணுவோ கறாரான வியாபாரி. 16.6 வோல்ட் அளவு சக்தி இல்லாத எலெக்ட்ரானிடம் அது எதையும் வாங்கிக் கிளர்ச்சி அடைவதில்லை. மோதியது அப்படியே விலகிப் போக வேண்டியதுதான். செந்நிற ஒளி தரும் நிலைக்கு ஏறவோ 18 வோல்ட்டுக்கும் மேலே வேண்டும். அணுக்கள் இப்படிக் குறித்த விலைக்கே சக்தி வாங்கும் என்பதை, பாதரச ஆவியை வைத்து 1914-ல் பெர்லினில் பிராங்க், ஹெர்ட்ஸ் இருவரும் நிரூபித்து நோபல் பரிசு பெற்றனர்.

சரியான சக்தியோடு மோதினாலும் எல்லா மோதலும் பலிப்பதில்லை. எத்தனைக்கு எத்தனை பலிக்கும்? இதை அளப்பதுதான் பெரும்பாடு. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது, மழையும் பெய்கிறது. நிறைந்த ஏரியைப் பார்த்து, அத்தனையும் மழை என்று எழுதினால் கணக்குத் தவறிவிடும் அல்லவா? அணுவிலும் அதே தொல்லை. மோதலால் நேரே ஏறிய அணுக்களோடு, இன்னும் மேலே ஏறி அங்கிருந்து சறுக்கி வந்தவையும் சேர்ந்தே ஒளி விடுகின்றன. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சன் லின் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து இவற்றைப் பிரித்து அளந்தார்கள்.

அளக்க முடியாததைக் கணக்கால் பிடிக்க வேண்டும். நம் நாட்டில் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் ராஜேஷ் ஸ்ரீவாஸ்தவாவும் அவருடைய மாணவர்களும் ஆர்கான், செனான் முதலிய வாயுக்களுக்கு இந்த மோதல் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். செனான் வாயுவை உமிழ்ந்து செயற்கைக் கோளைத் தள்ளும் எஞ்சினுக்குள் எந்தக் கருவியை நுழைத்தாலும் ஓட்டம் கெடும். வெளியே வரும் ஒளியைக் கொண்டே உள்ளே எலெக்ட்ரான்களின் வெப்பத்தைச் சொல்ல இந்தக் கணக்கு உதவுகிறது.

வயலுக்குத் திரும்புவோம். டெஸ்டரின் குமிழ் பற்றிக்கொள்ளவே சுமார் 60 முதல் 90 வோல்ட் தேவை. அதற்குக் குறைந்த மின்சாரமும் நனைந்த உடம்பைத் தாக்கவல்லது; டெஸ்டரோ இருண்டே இருக்கும். உச்சி வெயிலில் எரிகிற ஒளியும் கண்ணுக்குப் படாது. உலர்ந்த பலகைமேல் நிற்பவர் கையில் அது மங்கிவிடும். அதனால் தொழில் தெரிந்தவர்கள், மின்சாரம் உண்டு என்று உறுதியான இடத்தில் டெஸ்டரை முதலில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பின்பே ஒயரைத் தொடுகிறார்கள்.