செல்லத்தின் கண்ணில் புரையா? சோபாவை நகர்த்தாதீங்க!

எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு வயது 11. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து சோபாவை இடம் மாற்றினோம். நேராகப் போய் முட்டிக்கொண்டது. அதற்குப் பார்வை போயிருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை மோப்பத்தையும் பழகிய வழியையும் வைத்தே சமாளித்திருக்கிறது, பாவம்!

வயதான நாயின் கண்ணில் நீலம் பூத்தாற்போல் தெரிவதெல்லாம் புரை இல்லை. வயதால் லென்ஸ் இறுகினாலும் அப்படித்தான் தெரியும். பார்வை பெரிதாகக் கெடாது. பால் மாதிரி வெளுத்திருந்தால் புரையாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டும்போது ரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் வந்த நாய்க்குச் சில வாரங்களிலேயேகூடப் புரை முற்றிவிடும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது எல்லாம் அதன் அறிகுறிகள்.

சொட்டு மருந்தால் புரை கரையாது. ஆபரேஷன்தான் வழி. நமக்குச் செய்வது போலத்தான் என்றாலும், நாய்க்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். விழித்திரை வேலை செய்கிறதா என்று முதலிலேயே சோதிப்பார்கள். எங்கள் செல்லத்துக்கு இதயம் பலவீனம் என்பதால் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதற்காகக் கண்ணை மறந்துவிட முடியாது. முற்றிய புரையால் கண்ணுக்குள் அழற்சி வரும், அழுத்தமும் கூடலாம். கண் சிவந்தாலோ, இடுக்கிக்கொண்டாலோ அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இப்போது மாடிப்படிக்குத் தடுப்பு போட்டிருக்கிறோம். தண்ணீர்க் கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தொடுகிறோம்; திடீரென்று தொட்டால் பயத்தில் கடித்துவிடும். சோபாவும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.