கொடிக்கயிறு ஏன் அறுகிறது?

துணி காயப்போடும் கொடியைத் தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருக்கிறீர்களா? நடுவில் ஓர் ஈரப் போர்வையைப் போட்டதும் பட்டென்று அறுந்துவிடலாம். ஏன்?

போர்வையின் நிறை 4 கிலோகிராம் என்று கொள்வோம். கயிற்றின் ஒவ்வொரு பாதியிலும் உள்ள இழுவிசையைக் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என இரண்டாகப் பகுக்கலாம். கிடைக்கூறுகள் எதிரெதிரானவை; அவற்றின் தொகுபயன் சுழி. செங்குத்துக்கூறுகள் இரண்டும் கூடியே போர்வையைத் தாங்குகின்றன; ஆகவே ஒவ்வொன்றும் 2 கி.கி. எடை.

கயிறு கிடைத்தளத்துடன் 30° சாய்ந்திருந்தால், சைன் 30° = 1/2; எனவே இழுவிசை 4 கி.கி. எடை. சாய்வு 5° ஆனாலோ, ஏறத்தாழ 23 கி.கி. எடை!

சாய்வு சுழியானால் செங்குத்துக்கூறே இராது. ஆகவே, பாரம் தொங்கும் கயிறு முற்றிலும் நேராக நிற்கவே முடியாது. மின்கம்பிகளைத் தொய்வாகக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை கொடி கட்டும்போது, கொஞ்சம் தொய்வு விடுங்கள்!