முதலில் தொட்ட கரம்



இயேசுவை உண்மையாய்ப் பின்பற்றுவது என்றால் என்ன? ஓய்வுநாள் ஆராதனை, லெந்து கால உபவாசம், தசமபாகம், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இவற்றில் ஒன்றையும் குறைவிடாமல், துன்பப்படுகிற ஒருவரை விட்டு விலகிப் போகவும் நம்மால் முடிகிறது.

மாற்கு 1:40-45-ல் குஷ்டரோகி ஒருவன் ஆண்டவரிடம் வருகிறான். லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தின்படி அவன் பாளயத்துக்குப் புறம்பே தனித்திருக்க வேண்டும். தான் தீட்டுள்ளவன் என்று சத்தமிடவும் வேண்டும். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே ஒரு வார்த்தையால் சுகமாக்கினவர், இவனையும் அப்படியே சுகமாக்கியிருக்கலாம். அவரோ மனதுருகி, கையை நீட்டி, முதலில் தொட்டார். அதன் பின்பே சுகம் வந்தது.

ஆனாலும் அவர் கட்டளையை அவமதிக்கவில்லை. ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பித்து, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தும்படி அவனை அனுப்பினார். அவன் மறுபடியும் தன் ஜனத்தோடு சேர அதுவே வழி. ஒருவனை விலக்கி வைப்பதற்கல்ல, சேர்த்துக்கொள்வதற்கே அவர் கட்டளையைக் கைக்கொண்டார்.

வேதத்தில் குஷ்டரோகம் என்ற சொல் பலவிதச் சருமநோய்களைக் குறிக்கும். இன்று நாம் தொழுநோய் என்று சொல்வது ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ல் அதைக் கண்டார். பெரும்பாலானோருக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப்போவதால் காயம்பட்டே தேய்கின்றன என்று விளக்கினார். முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் வேலை செய்ய வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 அல்லது 12 மாதச் சிகிச்சையில் நோய் குணமாகிறது.

மருந்து வந்த வேகத்தில் மனம் மாறவில்லை. நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலேயே தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019-ல்தான் அது நீக்கப்பட்டது.

ஆகவே நம்மையே கேட்டுப் பார்ப்போம். குணமான ஒரு சகோதரர் ஆலயத்தில் நம் அருகே உட்கார்ந்தால் தள்ளி உட்காருவோமா? திருவிருந்தில் அவருக்குப் பின் அதே பாத்திரத்தில் பானம்பண்ணத் தயங்குவோமா? அவருடைய மகளை நம் வீட்டு மருமகளாக ஏற்போமா? நாம் ஆண்டவரை எவ்வளவு உண்மையாய்ப் பின்பற்றுகிறோம் என்பது இந்தப் பதில்களில் தெரியும்.

உங்கள் காணிக்கையால் மருந்து வாங்கலாம், கட்டுப்போடலாம், ஊனத்தைச் சரிசெய்யலாம். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் குணமாகி ஊர் திரும்புகிறவரின் கையைப் பிடித்து வரவேற்கும் ஊழியம் உங்களுடையது. அவர்களுக்காக ஜெபியுங்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கும் போங்கள்.