எருவேற்றும் தொழிலும் அளவின் நேர்மையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தறைகளில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி முதலியன செய்யும் கமக்காரர் எருவின்றிப் பயிர் செய்தலை எண்ணியும் பாரார். முன்னாளில் வீட்டுக்கு வீடு மாடுகள் நின்றன. தொழுவத்துச் சாணமும் வேலிப் பூவரசங் குழையும் தோட்டத்துக்குப் போதியனவாயிருந்தன. உழவு மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டபின் வீட்டெரு குறைந்தது. இன்று வன்னிப் பகுதியின் மாட்டுப்பட்டிகளிலிருந்து எரு லொறிகளிலும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் ஏற்றப்பட்டுக் குடாநாட்டை அடைகின்றது. பட்டிக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் இடையில் நின்று, எருவை வாங்கி, ஏற்றி, இறக்கி, வேண்டுமாயின் பரவியுங் கொடுப்பவரே எரு ஒப்பந்தக்காரர்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இத்தொழிலின் அருமை நாடு முழுவதும் உணரப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டதாயினும், வேண்டிய எருவை வேண்டிய காலத்திற் கொண்டுவந்து சேர்ப்பது எத்துணைப் பெரிய வேலை என்பதை அம்மாதங்கள் காட்டிச் சென்றன.

ஏற்றுக்கூலியே பெருஞ் செலவு

ஓர் அந்தர், அஃதாவது 50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. சாதாரண மாட்டெருவிலோ 100 கிலோகிராமுக்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் நைதரசனே உண்டு. ஆகவே, சைக்கிளிற் கட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரு மூடை யூரியாவின் நைதரசனைப் பெற நாலரைத் தொன்னுக்கு மேற்பட்ட எருவை ஏற்றவேண்டும். அதுவும் முழுவதும் ஒரே போகத்திற் பயிருக்குக் கிடைப்பதில்லை. எனினும் மண்ணைப் பொலபொலப்பாக்குதல், ஈரத்தைப் பிடித்துவைத்தல் ஆகிய நன்மைகளை யூரியா தரமாட்டாது. அதனாலேயே கமக்காரர் இவ்வளவு பாரத்துக்குங் கூலி கொடுக்கின்றார்.

இதிலிருந்து ஒப்பந்தக்காரர் அறியவேண்டிய முதற் பாடம், நீரையும் மணலையும் ஏற்றலாகாது என்பதாம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரம். நனைந்த எருவை அவ்வளவு தூரங் கொண்டுசெல்பவர் டீசலை எரித்துத் தண்ணீரைச் சுமக்கின்றார். ஆகையால் காலபோக மழை தொடங்குமுன், ஆனி முதல் ஆவணி வரையுள்ள வறண்ட மாதங்களிற் பட்டியெருவை ஏற்றிச் சேமித்தல் நன்று. திரும்பும்போது வெறும் பெட்டியுடன் செல்லாது வேறு சுமையைத் தேடிக்கொள்ளுதலும் இலாபத்துக்கு வழியாகும். ஆனால் எருவேற்றிய பெட்டியை நன்கு கழுவாது உணவுப்பொருள் ஏற்றுதல் கூடாது.

பெட்டியை அளந்து விற்றல்

எருவை ‘ஒரு லோட்’ என்று விற்கும் வழக்கமே பிணக்குகளுக்கு மூலம். ஒருவரின் பெட்டி ஆழமானது. மற்றொருவரின் பெட்டி ஆழமற்றது. 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள பெட்டியில் 2 அடி உயரத்துக்கு எரு நிரம்பினால் அது 100 கன அடி. மணலும் கல்லும் விற்கும் ஒரு கியூப் என்னும் அளவு இதுவே. எருவையும் இவ்வாறே கியூப் கணக்கில் விற்றல் இருவருக்கும் நன்று.

நிறை அறியவேண்டின், 20 லீற்றர் வாளி ஒன்றை எருவால் நிரப்பி நிறுத்து, வாளியின் நிறையைக் கழித்து, அத்தொகையை 140ஆற் பெருக்குக. ஒரு கியூப்பின் நிறை ஏறத்தாழக் கிடைக்கும். உக்கிய, அதிக ஈரமற்ற எரு ஒன்றரை முதல் இரண்டு தொன் வரை இருத்தல் வழக்கம். அதனினும் மிகுந்தால் நீரோ மணலோ சேர்ந்துள்ளதென ஐயுறவேண்டும். ஒரு பிடி எருவைக் கண்ணாடிப் போத்தலில் நீருடன் குலுக்கிவைத்தால் மணல் உடனே அடியிற் படியும்.

நன்கு உக்காத எருவிற் களைவிதைகள் முளைக்குந் திறனுடன் இருக்கும். பாதீனியம் ஓரூரிலிருந்து மற்றோரூருக்குப் பரவும் வழிகளுள் எருப்பெட்டியும் ஒன்று. அச்செடி பூத்து நிற்கும் பட்டியடியில் எரு அள்ளலாகாது. நெடுநாள் கிளறாது விடப்பட்ட எருக்குவியலிற் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வளர்ந்து பின்னர் தென்னைக்குத் தீங்காகும். ஏற்றும்போது அவற்றைப் பொறுக்கி அழித்தல் வேண்டும்.

பரவும் முறை

மேனாடுகளில் எருவைத் தூவுவதற்கு இயந்திரங்கள் உள. எமது சிறு தறைகளிற் கடகமும் மண்வெட்டியுமே கருவிகள். மரக்கறிப் பயிர்கள் பலவற்றுக்குச் சிபாரிசு செய்யப்படும் அளவு ஹெக்டேயருக்கு 10 தொன். இது சதுர மீற்றருக்கு ஒரு கிலோகிராம் ஆகும். 16 கிலோகிராம் கொள்ளுங் கடகமாயின், நாலு மீற்றருக்கு நாலு மீற்றர் இடைவெளியில் ஒவ்வொரு கடகங் கொட்டிப் பரவினால் அளவு சரியாகும். பரப்புக்கு 16 கடகம் என நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோழியெருவில் நைதரசன் மிகுதியாதலின் இவ்வளவு வேண்டியதில்லை.

வெயில் தணிந்தபின் பரவி, அன்றே கொத்தியோ உழுதோ மண்ணுடன் கலத்தல் வேண்டும். வெளியே கிடக்கும் எருவின் நைதரசன் ஆவியாகக் காற்றிற் கலந்து போகும். ஈர நிலத்திற் பெட்டியை இறக்கினால் மண் இறுகும். அவ்வேளை வரம்பிற் கொட்டிக் கடகத்தாற் சுமப்பதே முறை.

கிணற்றைக் காத்தல்

எரு கூடினால் விளைவுங் கூடும் என்பது எப்போதும் உண்மையன்று. பயிர் உறிஞ்சாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி மழைநீருடனும் பாய்ச்சும் நீருடனும் கீழிறங்கும். குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணக்கல் வெடிப்புகள் நிறைந்தது. அங்கு இறங்கியது கிணற்றை அடையும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே இதனால் அபாயம் மிகுதி.

மேலும் ஒரு லோட் விற்றல் ஒப்பந்தக்காரருக்கு இலாபமாகத் தோன்றும். ஆயினும் “இவ்வளவு போதும்” என்று சொல்லத் துணிபவரே ஊரின் நம்பிக்கையைப் பெறுவார். எருவைக் கிணற்றடியிற் கொட்டலாகாது. கிணற்றுப் பக்கம் நீர் வடியாத இடத்திற் குவித்து, மாரியில் கிடுகாலோ பொலித்தீனாலோ மூடுதல் வேண்டும்.

கணக்கும் சிட்டையும்

எருவின் விலை, டீசல், ஏற்றிறக்குக் கூலி, ரயர்த் தேய்வு, பழுதுபார்ப்பு என்பவற்றை நடைக்கு நடை கொப்பியில் எழுதிவைத்தல் அவசியம். தேய்வைக் கணக்கிற் சேர்க்காதவர் இலாபமென எண்ணிச் செலவிடுவது தம் இயந்திரத்தின் முதலையே. எரு எடுத்த இடம், திகதி, கன அளவு, பரவுதல் கூலியுட் சேருமா என்பன எழுதிய சிட்டையைக் கமக்காரருக்குக் கொடுத்தல் நன்று. முற்பணம் பெற்றால் அதனையும் அதிற் குறித்தல் வேண்டும்.

நேரிய அளவு கமக்காரரின் பணத்தையும் ஊரின் குடிநீரையும் ஒருங்கே காக்கும். அடுத்த போகத்திலும் அதே வாசலில் அழைப்புக் கிடைப்பதே ஒப்பந்தக்காரருக்கு நிலைத்த ஊதியமாகும். பயிருக்குரிய எருவின் அளவுபற்றி ஐயமுள்ளோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடி அறிந்துகொள்க.