கிறித்தவப் பள்ளி முதல் வகுப்பில் இலையுதிர்காலக் கற்றல் செயல்பாடுகள்: உற்றுநோக்கலும் உவமையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிறித்தவப் பள்ளிகளில் முதல் வகுப்பு மாணவர்க்குச் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான பாடங்கள் ஆப்பிள், இலை, பரங்கிக்காய், நன்றியறிதல் நாள் ஆகியவற்றை மையமிட்டு அமைகின்றன. அறிவியல், கணிதம், மொழி, மறைக்கல்வி ஆகிய நான்கும் இங்கு ஒரே பொருளின்மீது கூடுகின்றன. அவ்வாறு கூடும்போது ஒரு பொருள் வெவ்வேறு பாடவேளைகளில் முரண்பட்ட பொருள் பெறுவதும் உண்டு. அம்முரண்கள் தோன்றும் இடங்களையும், அவற்றைத் தவிர்க்கத்தக்க பாடவரிசையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இலையுதிர்காலம், முதல் வகுப்பு, கிறித்தவக் கல்வி, உற்றுநோக்கல், உவமை, நன்றியறிதல் நாள்

முன்னுரை

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகள் நடத்தும் வழிபாட்டு முறையிலான விவிலிய வாசிப்பு அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1963ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனவே, பருவகாலத்தைச் சமய நோக்கில் கற்பிக்கும் வகுப்பறை அங்குத் தனியார் பள்ளிகளுக்கே உரியதாயிற்று. கத்தோலிக்க, லூத்தரன் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே இயங்கிவந்தன. நற்செய்திச் சபையினரின் பள்ளிகள் 1960களுக்குப்பின் பெருகின. நீதிமன்றத் தீர்ப்புகள் மீதான அதிருப்தியுடன், தென்மாநிலங்களில் இனப் பாகுபாடற்ற பள்ளிகளுக்கு எழுந்த எதிர்ப்பும் இப்பெருக்கத்திற்குக் காரணமாக இருந்தது.

அங்குக் கல்வியாண்டு ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தொடங்குகிறது. ஆறு வயதில் முதல் வகுப்பில் நுழையும் குழந்தை அவ்வகுப்பில் முதலில் எதிர்கொள்ளும் பருவமாற்றம் இலையுதிர்காலமே. எனவே, இக்காலப் பாடங்கள் உலகை எவ்வாறு பார்ப்பது என்பதற்கான முதற்பயிற்சியாகவும் அமைகின்றன.

பொருள்களும் பாடங்களும்

ஆப்பிளை வழக்கம்போல் காம்பிலிருந்து அடிநோக்கி வெட்டாமல் குறுக்கே வெட்டினால், ஐந்து விதையறைகள் விண்மீன் வடிவில் தெரியும். ஆப்பிள் பூவின் இதழ்களும் ஐந்து. சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆப்பிள்களைச் சுவைத்து, ஒவ்வொரு குழந்தையும் தான் விரும்பியதைப் பட்டை வரைபடத்தில் குறிப்பது அடுத்த செயல்பாடு. இலைகளை விளிம்பு, நரம்பமைப்பு ஆகியவற்றால் வகைப்படுத்துதலும், தாளுக்கு அடியில் இலையை வைத்து மெழுகு வண்ணக்கோலால் தேய்த்து உருவெடுத்தலும் பெரும்பாலும் இடம்பெறும். பரங்கிக்காயின் எடையையும் விதைகளின் எண்ணிக்கையையும் முதலில் ஊகித்து, பின்னர் எடையிட்டும் எண்ணியும் சரிபார்க்கின்றனர். விதைகளைப் பத்துப்பத்தாகக் குவிக்கும்போது, முதல் வகுப்புக் கணிதத்தின் அடிப்படையாகிய இடமதிப்பு கைப்பொருளாகவே புலப்படுகிறது.

இச்செயல்பாடுகளுக்குப் பின்னால் இயற்கைக் கல்வி இயக்கத்தின் செல்வாக்கு உள்ளது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் 1911இல் வெளியிட்ட இயற்கைக் கல்விக் கையேடு, புத்தகத்திற்கு முன் பொருளைக் காட்டுமாறு ஆசிரியர்களை வழிநடத்தியது. இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842-1923) இயற்கைக் குறிப்பேட்டு முறையைக் கிறித்தவக் கல்விச் சிந்தனையோடு இணைத்தார். கண்டதை வரைந்து தேதியிட்டுப் பதிவதே அம்முறை. இன்றும் கிறித்தவப் பள்ளிகளிலும் இல்லக்கல்வியிலும் அது பின்பற்றப்படுகிறது.

உவமை முரண்படும் இடங்கள்

பரங்கிக்காயைக் கொண்டு பரவலாகச் சொல்லப்படும் உவமை ஒன்றுண்டு. கடவுள் வயலிலிருந்து காயைத் தெரிந்தெடுக்கிறார்; அழுக்கைக் கழுவுகிறார்; உள்ளிருக்கும் சதையையும் விதைகளையும் பாவமாகக் கருதி அகற்றுகிறார்; சிரித்த முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றுகிறார். பெரியவர்க்கு இவ்வுவமை இடர்ப்பாடின்றி விளங்கும். ஆனால், அதே நாளில் அதே விதைகளைக் குழந்தை கணிதப் பாடத்தில் ஆவலோடு எண்ணுகிறது. அறிவியல் பாடத்தில் அவை புதிய கொடியின் தொடக்கம் என அறிகிறது. மறைக்கல்வியில் அது கேட்கும் விதைப்பவர் உவமையில் விதை இறைவார்த்தையைக் குறிக்கிறது. ஒரே விதை பாவமாகவும் இறைவார்த்தையாகவும் நிற்கும்போது, உவமையின் எல்லையைக் குழந்தையால் உணர இயல்வதில்லை.

இலையிலும் இத்தகைய சிக்கல் எழுகிறது. முதலாம் சங்கீதம் நேர்மையாளரை இலை வாடாத மரத்திற்கு ஒப்பிடுகிறது. சாளரத்திற்கு வெளியே நிற்கும் மேப்பிள் மரமோ எல்லா இலைகளையும் உதிர்க்கிறது. உறைபனிக் காலத்தில் வேர்கள் போதிய நீரை உறிஞ்ச இயலாமையால், நீரிழப்பைத் தவிர்க்கும் ஏற்பாடாக இலைக்காம்பின் அடியில் பிரியடுக்கு உருவாகி இலை கழல்கிறது. இங்கு இலையுதிர்வு மரத்தின் நலத்திற்கே உரியது. சங்கீதத்தின் மரம் வேறொரு தட்பவெப்பத்தில் நீர்க்கால்களின் ஓரத்தில் வளர்வது என்று கூறாவிடின், மேப்பிள் தீய மரமா என்னும் ஐயம் குழந்தைக்கு எழுவது இயல்பே.

ரொனால்டு கோல்ட்மன் 1964இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு, இளங்குழந்தைகள் சமயக் கதைகளின் உருவகங்களை நேர்ப்பொருளிலேயே கொள்கின்றனர் எனக் காட்டியது. அவருடைய முடிவுகள் பின்னர்க் கடுமையாக விவாதிக்கப்பட்டன. எனினும், உருவகத்திற்கு முன் குழந்தையின் நேரடி அனுபவம் வேண்டும் என்னும் அவருடைய கருத்து இவ்வகுப்பறைக்கும் பொருந்துவதாகும்.

உற்றுநோக்கலே உவமையைச் செம்மைப்படுத்துவதும் உண்டு. கடவுள் இலைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார் என்பது வகுப்பறையில் வழக்கமான கூற்று. பச்சை இலையைக் கிழித்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிதாள் துண்டின் நுனியை அதில் நனையவிட்டால், பச்சைப் பட்டையுடன் மஞ்சள் பட்டையும் தனித்துத் தெரியும். மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டு கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்தது. பச்சையம் சிதைந்தபின்பே அது வெளித்தெரிகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் புதிதாக உருவாவது. இருந்தது வெளிப்படுகிறது, இல்லாதது உருவாகிறது என்னும் இவ்விரு உண்மைகளும் வண்ணம் தீட்டும் கூற்றைக் காட்டிலும் குழந்தையின் வியப்பை ஆழப்படுத்துவன.

வரலாறும் விழாவும்

அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் விழாவைச் சில பள்ளிகள் அறுவடை விழாவாக மாற்றுகின்றன. சீர்திருத்தச் சபையினர் அந்நாளை 1517இல் மார்ட்டின் லூதர் முன்வைத்த கருத்துரைகளின் நினைவுநாளாகக் கொள்கின்றனர். ஆப்பிள் பாடத்தில் இடம்பெறும் ஜானி ஆப்பிள்சீடு, ஜான் சாப்மன் (1774-1845) என்னும் வரலாற்று மனிதர். நாற்றங்கால்கள் அமைத்த அவர், சுவீடன்போர்க்கின் போதனைகளையும் பரப்பினார். பெரும்பாலான சபைகள் ஏற்காத அப்போதனைகளை விடுத்து, அவருடைய எளிமையை மட்டுமே பாடநூல்கள் போற்றுவது கருதத்தக்கது.

மிகுந்த கவனம் வேண்டுவது நன்றியறிதல் நாள் பாடமாகும். 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்தில் மாசசோயிட்டுடன் ஏறத்தாழ 90 வாம்பனோவாக் ஆடவர் மூன்று நாள்கள் கலந்துகொண்டனர் என எட்வர்டு வின்சுலோவின் கடிதம் தெரிவிக்கிறது. தேசிய அளவிலான ஆண்டு விழாவாக அது நிலைபெற்றது லிங்கனின் 1863ஆம் ஆண்டு அறிவிப்பிற்குப் பின்னரே. குழந்தைகள் அணியும் காகித இறகு முடி, வாம்பனோவாக் மக்களுடையதன்று. அது சமவெளிப் பழங்குடியினரின் அணியைப் பின்பற்றியது.

குடியேறிகளுக்குச் சோளம் பயிரிடக் கற்பித்த திசுகுவாண்டம், கடவுள் அனுப்பிய துணையாகக் கிறித்தவப் பாடங்களில் சுட்டப்படுகிறார். அவர் 1614இல் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்பனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். 1619இல் திரும்பியபோது, தம் ஊராகிய பட்டுக்செட் கொள்ளைநோயால் அழிந்திருக்கக் கண்டவர். அவ்வூர் இருந்த இடத்திலேயே பிளிமத் எழுந்தது. இறையருளை மட்டும் கூறி இவ்விழப்பை மறைக்கும் பாடம், நன்றியுணர்வை வளர்க்கலாம், உண்மையுரைத்தலை வளர்ப்பதில்லை. நன்றியறிதல் நாளன்று 1970 முதல் பிளிமத்தில் பழங்குடியினர் துக்கநாள் கடைப்பிடித்து வருகின்றனர். ஆறு வயதுக் குழந்தைக்கு அவ்வரலாறு முழுவதையும் கூறவேண்டுவதில்லை. ஆனால், அவர் தம் ஊராரை இழந்தவர் என்னும் ஒரு தொடரை அக்குழந்தையால் புரிந்துகொள்ள இயலும்.

பாடவரிசை

மேற்கண்ட முரண்கள் சமயத்தையும் அறிவியலையும் இணைத்ததால் மட்டும் எழுந்தவை அல்ல. இணைத்த வரிசையால் எழுந்தவை. முதலில் பொருளைக் காணுதல், அடுத்துப் பெயரிட்டு எண்ணுதல், பின்னர் வினா எழுப்புதல், இறுதியில் மறைப்பகுதியை நாடுதல் என்பது பொருத்தமான வரிசையாகும். மறைப்பகுதியும் இவ்வயதில் உருவகத்தைவிடச் செயலைச் சார்ந்ததாக அமைதல் நன்று. விதைப்பும் அறுப்பும் ஓயா என்னும் ஆதியாகமம் 8ஆம் அதிகாரத்தின் வாக்குறுதி, குழந்தை கண்ட பருவமாற்றத்தோடு நேரே பொருந்துகிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவர்க்கு விடவேண்டும் என்னும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கட்டளையைக் கற்றபின், வகுப்பினர் உணவு வங்கிக்குப் பொருள் திரட்டுவது கட்டளையைச் செயலாகவே உணர்த்துகிறது.

தமிழ்ச் சூழலுடன் ஒப்பீடு

தொல்காப்பியம் கூறும் அறுவகைப் பெரும்பொழுதுகளுள் ஐப்பசி, கார்த்திகைக்கு உரியது கூதிர். அது குளிரும் மழையும் சார்ந்த பருவமேயன்றி இலை உதிரும் பருவமன்று. தமிழகத்தில் தேக்கு போன்றவை இலை உதிர்ப்பது மழைக்காலம் கடந்த வறண்ட மாதங்களில். எனவே, அக்டோபர் மாதத்து மேப்பிள் இலைப் பயிற்சித்தாளை இங்குள்ள வகுப்பறையில் அவ்வாறே பயன்படுத்தினால், உற்றுநோக்கல் என்னும் அடிப்படையே இல்லாமற்போகும். தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களின் அறுப்பின் பண்டிகையில் விளைபொருள்கள் காணிக்கையாகப் படைக்கப்பட்டு ஏலமிடப்படுகின்றன. எண்ணுதல், எடையிடுதல், பகிர்தல் ஆகியவற்றிற்கு இப்பண்டிகையே தக்க களமாகும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழி அறியலாகும் கருத்துகள் பின்வருமாறு:

• இலையுதிர்காலச் செயல்பாடுகளின் வலிமை, ஒரே பொருளில் பல பாடங்கள் கூடுவதில் உள்ளது. அவற்றின் இடர்ப்பாடும் அக்கூடுகையிலேயே உள்ளது.

• குழந்தை கண்டறிந்ததை மறுக்கும் உவமை, அறிவியலையும் மறைக்கல்வியையும் ஒருசேர வலுவிழக்கச் செய்யும்.

• நன்றியறிதல் நாள் பாடத்தில் நன்றியும் இழப்பும் உடன் கூறப்படும்போதே அது வரலாறாகும்.

• பிற நிலத்தார் பெறத்தக்கது பாடவரிசையே. பாடப்பொருளை அந்தந்த நிலத்தின் பருவமும் விளைச்சலுமே தரவேண்டும்.