பீஸ் ஹால்: முதுகைக் காட்டி நிற்கும் ஜவுளிச் சந்தை

இன்னைக்கு நாம போகப்போறது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு. அங்கே பீஸ் ஹால்னு ஒரு பழைய ஜவுளிச் சந்தை இருக்கு. 'பீஸ்'னா தறியிலிருந்து அறுத்து எடுக்கும் ஒரு முழு நீளக் கம்பளித் துணி. சுமார் 30 கஜம் இருக்கும்.

சுத்தியிருந்த மலையோர வீடுகளில் நாள்கணக்கா கையால நெய்த துணியை இங்கேதான் கொண்டுவந்து விற்றார்கள். 1779 ஜனவரி 1-ல் திறந்த சந்தை இது. வியாபாரம் சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 மணி வரைக்கும்தான். அவ்வளவு பாடும் அந்த ரெண்டு மணி நேரத்துல காசாகணும். யோசிச்சுப் பாருங்க!

இப்ப கட்டடத்துக்கு வருவோம். நடுவில் பெரிய திறந்த முற்றம். நாலு பக்கமும் கல் கட்டடம், மொத்தம் 315 அறைகள். ஒவ்வொரு அறையின் கதவும் ஜன்னலும் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கும். தெருப்பக்கம் பெரும்பாலும் மொட்டைச் சுவர். சரக்கு பூட்டிக் கிடக்கிற இடம், திருட்டு பயம் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். ஆனா உள்ளே நுழைஞ்சா வரிசை வரிசையா தூண்கள், ஏதோ ரோமாபுரிச் சதுக்கம் மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரியுது. அவங்க மண்ணைக் கொட்டிச் சமன் பண்ணலை. மேற்கே ரெண்டு அடுக்கு, கிழக்கே மூணு அடுக்குன்னு கட்டிட்டாங்க. கீழ் அடுக்கில் வளைவுகள், நடுவில் சதுரத் தூண்கள், மேலே உருண்டைத் தூண்கள். கனமானது கீழே, மெலிசானது மேலே. மேற்குப் பக்கம் அந்த வளைவு அடுக்கே கிடையாது.

ஆனா இந்தச் சந்தைக்கு ஆயுசு கம்மி. விசைத்தறி வந்தது. மில் முதலாளிகள் வியாபாரிகளிடம் நேராகவே விற்க ஆரம்பிச்சாங்க. வீட்டில் நெய்தவருக்கு வேலையே போச்சு, அவருக்காகக் கட்டின அறைகளும் காலி. 1871-லிருந்து அங்கே காய்கறி, பழ மொத்த வியாபாரம் நடந்தது. நூறு வருஷம் கழிச்சு இடிக்கிற பேச்சு கூட வந்தது. தப்பிச்சு, பழுதுபார்த்து 1976-ல் திறந்தாங்க. மறுபடியும் பெரிய சீரமைப்பு நடந்து 2017 ஆகஸ்டில் திறப்பு. இப்ப கடைகள், காபி, முற்றத்தில் இசைக் கச்சேரி.

அந்தப் பக்கம் போனீங்கன்னா முற்றத்தின் நடுவில் நின்னு, ரெண்டு பக்கமும் அடுக்குகளை எண்ணிப் பாருங்க.