துடிப்பு நின்ற பிறகு – 9: பக்கத்தில் நிற்பவரின் கை

சென்ற வாரம் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் நிறுத்தியிருந்தோம். நெஞ்சைத் திறக்காமலே, மார்பெலும்பின் மேல் கை வைத்து அழுத்தினால் நின்ற இதயத்திலிருந்தும் ரத்தம் ஓடும் என்று கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்து பாஸ்டனில் பெர்னார்ட் லவுனும் அவருடைய கூட்டாளிகளும் நேர்மின்சாரத்தில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை, அதாவது நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சித் தாளத்தை மீட்கும் கருவியை, கொண்டுவந்தார்கள். முந்தைய கருவிகளைவிட இதயத்துக்குச் சேதம் குறைவு, பலன் அதிகம். ஆக, வழிமுறையும் வந்துவிட்டது, கருவியும் வந்துவிட்டது. ஆனாலும் வார்டில் மாரடைப்பு நோயாளிகள் முன்போலவே இறந்துகொண்டிருந்தார்கள்.

ராத்திரி 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு வந்து மூன்று நாளான ஒருவர் பொது வார்டில் படுத்திருக்கிறார். அன்றைக்கு அந்த நோய்க்குச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் படுக்கை, ஆக்ஸிஜன், வலிக்கு மார்ஃபின். பெரிய கூடம், ஒரே ஒரு நைட் டூட்டி நர்ஸ். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். இவர் கட்டிலுக்கு வரும்போது மூச்சு இல்லை. நர்ஸ் ஓடிப்போய் போனை எடுக்கிறார். ஆபரேட்டர் பயிற்சி மருத்துவரைத் தேடி எழுப்புகிறார். அவர் படியேறி வந்து, நாடி பார்த்து, கருவி கேட்டு, அது வேறொரு மாடியிலிருந்து உருண்டு வந்து சேரும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

இதயம் அப்போது முழுசாக நின்றிருக்கவில்லை என்பதுதான் கொடுமை. மாரடைப்பின் முதல் நாட்களில் திடீரென்று சாகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நடப்பது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். கொதிக்கிற உலையில் அரிசி துள்ளுவதுபோல, இதயத்தின் கீழறைத் தசையில் ஒவ்வொரு இழையும் தன் பாட்டுக்குத் துடிக்கும். ரத்தம் மட்டும் நகராது. மின்சாரம் ஒரு தடவை பாய்ந்தால் அத்தனையும் ஒரு கணம் அடங்கி, பழைய தாளம் திரும்பக்கூடும். நெஞ்சை அழுத்தாமல் விட்டால் அந்த வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் கரைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும்.

எடின்பரோவில் இளம் மருத்துவராக இருந்த டெஸ்மண்ட் ஜூலியன் 1961இல் ஒரு யோசனை சொன்னார்: மாரடைப்பு நோயாளிகளை மருத்துவமனை முழுக்கச் சிதறவிடாமல் ஒரே அறையில் சேருங்கள், இதயத் துடிப்பை ஓயாமல் மானிட்டரில் பாருங்கள். 1962இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹியூஸ் டே அப்படியொரு பிரிவைத் திறந்தார். இன்று ஊருக்கு ஊர் இருக்கிற சி.சி.யு. எனப்படும் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுதான். மணி அடிக்கிற மானிட்டர் வந்தது. அதனால் மருத்துவரை எழுப்பும் போன் கொஞ்சம் சீக்கிரம் போயிற்று. போனுக்கும் மருத்துவருக்கும் நடுவே இருந்த தூரம் அப்படியே இருந்தது.

அந்தத் தூரத்தைக் குறைக்க இரண்டு வழி. மருத்துவரை 24 மணி நேரமும் கட்டில் பக்கத்தில் உட்காரவைக்கலாம். எந்த மருத்துவமனைக்கும் அது கட்டுப்படியாகாது. இல்லையென்றால், ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிறவரின் கையில் கருவியைக் கொடுக்கலாம். ஃபிலடெல்ஃபியாவின் பிரெஸ்பிடீரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற இதய மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் இரண்டாவது வழியில் இறங்கினார்கள். நர்ஸ்களுக்கு ஈ.சி.ஜி. படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்தால் மருத்துவருக்குக் காத்திராமல் நீயே ஷாக் கொடு என்றார்கள். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் செவிலியர் பிரிவு.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? ஈ.சி.ஜி.யைப் பார்த்து இன்ன கோளாறு என்று சொல்வது நோயறிதல். அது மருத்துவர் வேலை. நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சுவது சிகிச்சை. அதுவும் மருத்துவர் வேலை. இரண்டையும் நர்ஸ் செய்தால், ஏதாவது ஆனால் சட்டத்துக்கு யார் பதில் சொல்வது? எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது. மருத்துவர் வராத பத்து நிமிடத்தில் ஒருவர் செத்துப்போனால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பிழைக்கவைக்க நர்ஸ் கை நீட்டினால் மட்டும் சட்டம் கண் விழித்துக்கொள்ளும். அதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பு ரத்த அழுத்தம் பார்ப்பதுகூட மருத்துவரின் தனி உரிமையாக இருந்தது. நரம்பில் ஊசி ஏற்றுவதும் அப்படித்தான். வேலை பெருகப் பெருக ஒவ்வொன்றாக நர்ஸ் கைக்கு வந்தன.

ஆனால் எதிர்த்தவர்கள் கேட்டதில் ஒன்று நியாயமானது: தவறாகப் படித்துவிட்டால்? மானிட்டர் பொய் சொல்லும். நெஞ்சில் ஒட்டிய வயர் கழன்றால் திரையில் கோடு தாறுமாறாக ஓடும். நோயாளி உட்கார்ந்து பல் தேய்த்தால்கூட, அந்தக் கை அசைவு ஆபத்தான துடிப்பைப் போலவே திரையில் தெரியும். நினைவோடு இருக்கிறவர் நெஞ்சில் ஷாக் கொடுத்தால் நல்ல தாளமே குலையலாம். அதனால்தான் முதல் பாடம், திரையைப் பார்க்காதே, ஆளைப் பார். கண் திறந்திருக்கிறாரா? கூப்பிட்டால் திரும்புகிறாரா? நாடி இருக்கிறதா? இதில் நர்ஸுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் நோயாளிக்குத் துவாலைக் குளியல் செய்தவர், சாப்பாடு ஊட்டியவர், சாயங்காலம் முகம் கொஞ்சம் வெளுத்திருந்ததைக் கவனித்தவர் அவர்தான். ஈ.சி.ஜி. அந்தக் கவனிப்பின் மேல் ஏறி உட்கார்ந்த இன்னொரு கண்.

மெல்ட்ஸரும் பின்னியோவும் கிச்செல் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து 1965இல் செவிலியருக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். வார்டில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவருக்கு, திரையில் ஓடுவது என்ன என்று நர்ஸ் சொல்லித்தரும் நிலைமை வந்தது.

இத்தகைய பிரிவுகளால் எவ்வளவு பலன் என்ற கணக்கு 1967இல் வந்தது. நியூயார்க்கில் கில்லிப், கிம்பல் என்ற இரு மருத்துவர்கள் தங்களுடைய நான்கு படுக்கைப் பிரிவில் 250 மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை எழுதினார்கள். ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகாத நோயாளிகளில் இறந்தவர்கள் சாதாரண வார்டில் 26 சதவீதம். இந்தப் பிரிவில் 7 சதவீதம். மாரடைப்பு நோயாளிகளைத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிற இடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்து வழக்கங்கள் எல்லாமே சரியென்று ஆகிவிடவில்லை. ஃபிப்ரிலேஷன் வருமுன்னே தடுக்க என்று லிக்னோகைன் மருந்தை எல்லோருக்கும் ஏற்றினார்கள். பிற்பாடு அதில் உயிர்ப் பலன் இல்லை என்று கண்டு கைவிட்டார்கள். உடனே கொடுக்கும் ஷாக் மட்டும் இன்றுவரை அசையாமல் நிற்கிறது.

இன்றைக்கு ஏ.எல்.எஸ். எனப்படும் மேம்பட்ட உயிர்காப்பு வகுப்பில் மருத்துவரும் நர்ஸும் ஒரே பொம்மையின் முன்னால் நின்று ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தாளத்தைப் பார், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை 1 மில்லிகிராம் அட்ரினலின். குழுத்தலைவர் முடிந்தவரை எதையும் தொடாமல் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும். நேரம் போவதைக் கவனிக்க வேண்டும், அழுத்துகிறவர் களைத்தால் ஆளை மாற்ற வேண்டும், உடம்பில் பொட்டாசியம் ஏறியிருக்கிறதா, நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்திருக்கிறதா என்று காரணத்தைத் தேட வேண்டும். இந்த இடத்துக்குப் பட்டம் அளவுகோல் இல்லை. அனுபவம் உள்ள நர்ஸ் கால்மாட்டில் நின்று சொல்ல, இளம் மருத்துவர் நெஞ்சை அழுத்துவது பிரிட்டனின் மருத்துவமனைகளில் யாரும் வியக்கிற காட்சியல்ல.

நெதர்லாந்து இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 112ஐ அழைத்தால் வரும் அவசர ஆம்புலன்ஸில் வழக்கமாக மருத்துவர் இருக்கமாட்டார். ஓட்டுநர் ஒருவர், செவிலியர் ஒருவர். அந்தச் செவிலியர் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ அவசரப் பிரிவிலோ வேலை பார்த்துவிட்டு, தனிப் பயிற்சியும் முடித்து வந்தவர். ஷாக், மூச்சுக் குழாய், மருந்து எல்லாம் நாடு முழுவதுக்குமான ஒரே நெறிமுறைப்படி அவருடைய முடிவில் நடக்கின்றன. யாருக்கும் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுவீடனிலும் 2005 முதல் ஆம்புலன்ஸில் பதிவு பெற்ற செவிலியர் இருந்தாக வேண்டும்.

ஆனால் 1960களில் ஆம்புலன்ஸ் என்பது ஆளைத் தூக்கிப்போகும் வண்டி மட்டும்தான். மாரடைப்பில் சாகிறவர்களில் பாதிக்குமேல் மருத்துவமனை வாசலைக்கூடப் பார்க்காமல் செத்துக்கொண்டிருந்தார்கள். 1966இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர், கார் பேட்டரிகளில் ஓடும் 70 கிலோ டிஃபிப்ரிலேட்டரை ஒரு பழைய ஆம்புலன்ஸில் ஏற்றினார். கூடவே ஒரு மருத்துவரும் ஒரு நர்ஸும் ஏறிக்கொண்டார்கள். அந்த வண்டி எங்கே போனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)